கார் ஏசி ஃபில்டரை நீங்களே மாற்றலாம், பதினைந்து நிமிஷம் போதும்

கார் ஏசி ஃபில்டர் மாற்ற ஜாக்கி வேண்டாம், ஸ்பேனர் வேண்டாம், பெரும்பாலான கார்களில் ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம். கிளவ் பாக்ஸைத் திறந்து உள்ளே இரண்டு பக்கமும் இருக்கும் பிளாஸ்டிக் ஸ்டாப்பரைத் திருகி எடுத்தால் பாதி வேலை முடிந்தது. இது தெரியாமல் நான்கு வருஷம் சர்வீஸ் பில்லில் வந்த தொகையை அப்படியே கட்டிக்கொண்டிருந்தேன்.

நானே செய்ய ஆரம்பித்தது என் மகளால்தான். காரில் ஏறிப் பத்து நிமிஷத்துக்குள் அவளுக்கு அடுக்குத் தும்மல் வரும், கண் சிவக்கும், மூக்கைத் தேய்த்துக்கொண்டே வருவாள். வீட்டில் அப்படி இல்லை, ஸ்கூலிலும் இல்லை, காரில் மட்டும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காரோடு வந்த மேனுவலை எடுத்து வைத்துக்கொண்டு கிளவ் பாக்ஸைக் கழற்றி ஃபில்டரை உருவினேன். வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய பொருள் அடுப்புக்கரி நிறத்தில் வந்தது. மடிப்புகளுக்கு நடுவில் புங்கம்பூ, வேப்பஞ்சருகு, கொசு, காய்ந்துபோன ஒரு சின்னப் பூரான். தட்டினால் புகை மாதிரி தூசி கிளம்பியது. அதற்கு மூன்று மாதம் முன்னால்தான் ஃபில்டர் மாற்றியதாகச் சொல்லிப் பணம் வாங்கியிருந்தார்கள். மூன்று மாதத்தில் ஒரு ஃபில்டர் அந்த நிலைக்கு வராது. பில்லில் புது ஃபில்டர் என்று எழுதியிருந்தது, காரில் பழைய ஃபில்டர் இருந்தது, நடுவில் என் குழந்தை அந்தக் காற்றைத்தான் இழுத்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து இந்த ஒரு வேலையை யாரிடமும் விடுவதில்லை.

என்னுடையது ஹூண்டாய் எலைட் ஐ20, 2016 மாடல். கீழே படிப்படியாகச் சொல்வது அந்தக் காரை வைத்துத்தான். ஹூண்டாயில் மற்ற மாடல்களிலும் கிட்டத்தட்ட இதே முறை, மாருதி, ஹோண்டாவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வரும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன். உங்கள் காரின் மேனுவலில் இதற்கென்று படத்தோடு ஒரு பக்கம் இருக்கும், அதை ஒரு தடவை பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். காரில் காற்றுக்கு இரண்டு ஃபில்டர் உண்டு. பானட்டைத் திறந்தால் கறுப்புப் பெட்டிக்குள் இருப்பது இன்ஜினுக்குப் போகும் காற்றுக்கானது, அது ஏர் ஃபில்டர். நாம் பேசுவது உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் மூச்சுவிடும் காற்றுக்கானது. கேபின் ஃபில்டர், போலன் ஃபில்டர், ஏசி ஃபில்டர் எல்லாம் ஒன்றுதான். கடையில் வெறுமனே 'ஏர் ஃபில்டர்' என்று கேட்டால் இன்ஜினுக்கானதைத்தான் எடுத்துத் தருவார்கள், அதனால் 'ஏசி ஃபில்டர்' என்று தெளிவாகக் கேளுங்கள்.

காற்று எந்த வழியாக வருகிறது என்று தெரிந்தால் மீதி எல்லாம் தானாகப் புரியும். முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் இடத்தில் ஜன்னல் கம்பி மாதிரி துவாரங்கள் உள்ள கறுப்புப் பிளாஸ்டிக் தட்டு இருக்கிறதல்லவா, வெளிக்காற்று அது வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. அங்கிருந்து ஃபில்டர், பிறகு ப்ளோயர் ஃபேன், பிறகு கூலிங் காயில், அதன் பிறகு டேஷ்போர்டில் உள்ள வென்ட் வழியாக உங்கள் முகத்துக்கு. ஃபில்டரும் ஃபேனும் சில கார்களில் இடம் மாறி இருக்கும், ஆனால் கூலிங் காயிலுக்கு முன்னால் ஃபில்டர் என்பது மாறாது. உள்காற்றையே சுற்ற விடும் பட்டனை அழுத்தினால் மேலே ஒரு கதவு மூடி வெளிக்காற்று நின்றுவிடும், பெரும்பாலான கார்களில் காருக்குள் இருக்கும் காற்றே திரும்பத் திரும்ப அதே ஃபில்டர் வழியாகப் போகும். ஆகவே 'நான் எப்போதும் உள்காற்றில்தான் வைத்திருக்கிறேன், எனக்கு ஃபில்டர் அழுக்காகாது' என்று யாராவது சொன்னால் அது சரியில்லை. செருப்பில் வரும் மண், கால் மிதியடியின் தூசி, சீட் துணியின் நூல், தலைமுடி எல்லாம் அங்கேதான் போய்ச் சேர்கிறது.

ஃபில்டர் அடைத்துக்கொண்டால் மூக்குக்குத் தெரிவதற்கு முன்னால் காதுக்குத் தெரியும். முன்பு ஃபேன் இரண்டாம் எண்ணில் கிடைத்த காற்றுக்கு இப்போது மூன்றோ நான்கோ வைக்க வேண்டியிருக்கும், சத்தம் ஏறும், காற்று ஏறாது. பின் சீட்டில் இருப்பவர்கள் ஏசி வரவில்லை என்பார்கள். கேஸ் தீர்ந்துவிட்டது என்று நினைத்து நேராக ஏசி மெக்கானிக்கிடம் போய்விடுகிறோம். முதலில் ஃபில்டரைப் பாருங்கள். சில நூறு ரூபாயில் தீர வேண்டியதற்குக் கேஸ் நிரப்பிவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். அப்புறம் மழையில் முன் கண்ணாடியில் படியும் ஆவி. காற்று பலமாக வந்தால் சீக்கிரம் விலகிவிடும், அடைத்த ஃபில்டர் இருந்தால் அரை கண்ணாடி தெரியாமலேயே ஓட்ட வேண்டியிருக்கும். இரவில், எதிரே லைட் அடித்துக்கொண்டு பஸ் வரும்போது அது விளையாட்டில்லை.

எந்த ஃபில்டர் வாங்குவது

கடையில் இரண்டு வகை கிடைக்கும். வெள்ளை நிறத்தில் விசிறி மாதிரி மடித்து வைத்தது சாதாரண வகை, தூசி, மகரந்தம், பூச்சி இவற்றைப் பிடிக்கும். கறுப்பு அல்லது சாம்பல் நிறத்தில் இருப்பது கார்பன் வகை. அதில் தூசி பிடிக்கும் துணிக்கு நடுவில் கரித்தூள் இருக்கும், லாரிப் புகை, சாக்கடை, குப்பை எரிக்கும் நாற்றம் இவற்றை ஓரளவு உறிஞ்சிவிடும். பெட்டியின் மேல் பிஎம் 2.5 என்று போட்டு விற்பவையும் உண்டு. 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள துகள்களைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் அது எவ்வளவு பொடி என்று புரியும்.

என் அபிப்பிராயம், வீட்டில் சின்னக் குழந்தையோ வீசிங் உள்ளவர்களோ இருந்தால், அல்லது தினமும் நகர டிராஃபிக்கில் ஓட்டுகிறீர்கள் என்றால் கார்பன் வாங்குங்கள். எப்போதாவது வெளியூர் போக மட்டும் காரை எடுப்பவர்களுக்குச் சாதாரண வகையே போதும், அதைச் சரியான நேரத்தில் மாற்றினால் சரி. விலை உயர்ந்ததை வாங்கி மூன்று வருஷம் வைத்திருப்பதைவிட விலை குறைந்ததை வருஷா வருஷம் மாற்றுவது நல்லது.

கார்பன் ஃபில்டர் பற்றி ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அது நாற்றத்தைக் குறைக்கும், ஆனால் கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது. எந்தக் காரின் கேபின் ஃபில்டரும் தடுக்காது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நல்ல ஃபில்டர் இருக்கிறது என்ற தைரியத்தில் மூடிய கராஜிலோ ரோட்டோரத்திலோ இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்கிவிடாதீர்கள். இப்படித் தூங்கியவர்கள் எழுந்திருக்காமலே போன செய்திகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம்.

வாங்கும்போது காரின் பெயர் மட்டும் சொன்னால் போதாது, எந்த வருஷ மாடல் என்றும் சொல்ல வேண்டும். ஐ20 என்ற ஒரே பெயரில் வேறு வேறு வடிவங்கள் வந்திருக்கின்றன, ஸ்விஃப்ட்டும் அப்படித்தான், ஒன்றின் ஃபில்டர் இன்னொன்றில் நிற்காது. நான் செய்வது என்னவென்றால், முதலில் பழையதை வெளியே எடுத்து ஸ்கேலால் நீளம், அகலம், தடிமன் மூன்றையும் மில்லிமீட்டரில் அளந்து போனில் குறித்துக்கொள்வேன், ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்வேன், பிறகு மறுபடி அதையே உள்ளே வைத்துவிட்டுக் கடைக்குப் போவேன். சென்னையில் இருப்பவர்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு இருக்கிறது, ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் வரிசையாக இருக்கும். மற்ற ஊர்களிலும் எந்தப் பெரிய ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கும். கம்பெனி ஒரிஜினல் வாங்கலாம், போஷ், மாஹ்லே மாதிரி ஃபில்டர் தயாரிப்பவர்களின் பெட்டியும் வாங்கலாம்.

கையில் எடுத்ததும் இதைப் பாருங்கள். மடிப்புகள் நெருக்கமாக, ஒரே சீராக இருக்க வேண்டும். சுற்றியுள்ள ஓரம் கொஞ்சம் விறைப்பாக, ஆனால் விரலால் அழுத்தினால் மெத்தென்று இருக்க வேண்டும். அந்த ஓரம்தான் காரில் ஃபில்டர் உட்காரும் பெட்டியின் சுவரோடு ஒட்டி நின்று காற்று பக்கவாட்டில் நழுவாமல் பார்த்துக்கொள்கிறது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் எங்கேயும் ஊசித் துளை மாதிரி வெளிச்சம் வரக் கூடாது. மடிப்பு எண்ணிக்கை குறைந்த, லேசான, ஓரம் தொளதொளவென்று இருக்கும் ஃபில்டரைப் பாதி விலைக்குத் தந்தாலும் வாங்காதீர்கள்.

கழற்றுவது

காரை நிழலில், சமமான இடத்தில் நிறுத்துங்கள். ஏசியையும் ஃபேனையும் நிறுத்திவிட்டு, உள்காற்று பட்டனை அழுத்திவிட்டு, சாவியை எடுத்துவிடுங்கள். உள்காற்றில் வைத்தால் மேலே உள்ள கதவு மூடிக்கொள்ளும், வைப்பர் பக்கமிருந்து குப்பை கீழே விழாது. ஃபேன் ஓடும்போது ஃபில்டரை உருவவே கூடாது, ஒரு சருகு உள்ளே போனாலும் அது ஃபேனுக்குள்தான் போகும்.

ஒரு டார்ச், ஒரு பழைய துணி, ஒரு மாஸ்க், பழைய ஃபில்டரைப் போட ஒரு கவர். வாக்குவம் கிளீனர் இருந்தால் நல்லது. மாஸ்க் போடாமல் செய்யாதீர்கள், பழைய ஃபில்டரின் தூசி முகத்துக்கு நேராகத்தான் வரும். மிதியடியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பழைய பேப்பர் விரித்துக்கொண்டால் பிறகு சுத்தம் செய்வது சுலபம்.

முன் பக்கத்து இடது சீட்டை முடிந்தவரை பின்னால் தள்ளுங்கள். கதவைத் திறந்து வைத்துக் கீழே குந்தி உட்காருவதுதான் வசதி, சீட்டில் உட்கார்ந்து குனிந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும். கிளவ் பாக்ஸில் இருக்கும் ஆர்சி புக், இன்சூரன்ஸ், டோல் ரசீது, நாணயம் எல்லாவற்றையும் எடுத்து ஒரு பையில் போட்டுவிடுங்கள்.

இப்போது திறந்த கிளவ் பாக்ஸின் உள்பக்கத்தைப் பாருங்கள். இடது சுவரிலும் வலது சுவரிலும் உருண்டை முனையோடு பிளாஸ்டிக் ஸ்டாப்பர் இருக்கும். பெட்டி ஓர் அளவுக்கு மேல் கீழே விழாமல் தாங்குவது அவைதான். கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துத் திருகிக்கொண்டே பெட்டியின் உள்பக்கமாக இழுத்தால் கையோடு வந்துவிடும். வரவில்லை என்றால் கொறடு தேடாதீர்கள், இன்னொரு பக்கமாகத் திருகிப் பாருங்கள். பல வருஷம் கழற்றாமல் இருந்தால் முதல் தடவை கொஞ்சம் பிடிக்கும்.

அடுத்தது கயிறு. பெட்டியின் வெளிப்பக்கச் சுவரில் ஒரு பக்கம் மட்டும் நூல் கயிறோ மெல்லிய கம்பியோ மாட்டியிருக்கும், கிளவ் பாக்ஸ் தடாலென்று விழாமல் மெதுவாகத் திறப்பது அதனால்தான். அதன் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் கொக்கியை பெட்டியிலுள்ள முளையிலிருந்து பக்கவாட்டில் நகர்த்தி விடுவிக்க வேண்டும். நான் முதல் தடவை இதைக் கவனிக்காமல் பெட்டியைக் கீழே இழுத்துவிட்டேன், முளை படக்கென்று உடைந்தது. பெட்டி இன்றும் வேலை செய்கிறது, ஆனால் திறந்தால் முழங்காலில் வந்து விழுகிறது. அந்தக் கொக்கியைக் கண்ணால் பார்த்து, விரலால் தொட்டு, கழன்றுவிட்டது என்று உறுதி செய்த பிறகே பெட்டியைக் கீழே சாய்க்கவும்.

மாருதியில் பல மாடல்களிலும் ஹோண்டாவிலும் திருகும் ஸ்டாப்பருக்குப் பதிலாகப் பெட்டியின் இரண்டு பக்கச் சுவரையும் உள்பக்கமாக அமுக்கினால் காது மாதிரி இருக்கும் பகுதி விடுபட்டுப் பெட்டி கீழே சாய்ந்துவிடும். இரண்டு கையும் ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும், ஒரு பக்கமாக மட்டும் முறுக்கினால் பிளாஸ்டிக் வெள்ளையாகக் கோடு விழுந்துவிடும்.

பெட்டி சாய்ந்ததும் உள்ளே நிறைய வயர்கள் தெரியும். தொட வேண்டிய அவசியமே இல்லை. குறிப்பாக மஞ்சள் நிற கனெக்டர் எதையும் கழற்றாதீர்கள், இழுக்காதீர்கள், அது ஏர்பேக்குக்குப் போவது. இடது பக்கப் பயணிக்கான ஏர்பேக் அதே டேஷ்போர்டில் கிளவ் பாக்ஸுக்கு மேலேதான் இருக்கிறது.

நமக்கு வேண்டியது நேர் எதிரே படுக்கை வாட்டில் இருக்கும் நீளமான கறுப்பு மூடி, ஒரு அடி ஸ்கேலைவிடக் கொஞ்சம் குட்டையாக, தபால் பெட்டியின் வாய் மாதிரி இருக்கும். அதன் ஓரத்தில் ஒரு லாக் இருக்கும், சில கார்களில் இரண்டு ஓரத்திலும் இருக்கும். லாக்கை விரலால் அழுத்திக்கொண்டே மூடியை உங்கள் பக்கமாக இழுங்கள். மூடி வந்ததும் ஃபில்டரின் முகப்பு தெரியும்.

இழுப்பதற்கு முன்னால் ஒரு போட்டோ. ஃபில்டரின் முன் ஓரத்தில் அம்புக்குறி இருக்கும், அது எந்தப் பக்கம் காட்டுகிறது என்று படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். பிறகு ஃபில்டரைச் சாய்க்காமல், படுத்த நிலையிலேயே, மெதுவாக, நேராக வெளியே இழுங்கள். மேல்பக்கம்தான் குப்பை இருக்கும், சாய்த்தால் அத்தனையும் கீழே உள்ள ஃபேனுக்குள் கொட்டும். பாதி வந்ததும் அடியில் துணியைப் பிடித்துக்கொண்டு முழுதாக எடுத்துக் கவரில் போட்டு வாயைக் கட்டிவிடுங்கள். காரின் பக்கத்தில் வைத்துத் தட்டிப் பார்க்க வேண்டாம், தூசி திறந்திருக்கும் கதவு வழியாகத் திரும்ப உள்ளேதான் போகும்.

ஃபில்டர் இருந்த காலிப் பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். இந்த ஒரு நிமிஷத்தைத்தான் அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஐ20யில் கீழே ப்ளோயர் ஃபேனின் வட்டமான இதழ்கள் தெரியும். அதில் சருகு, பஞ்சு, குச்சி ஏதாவது இருந்தால் கையாலோ வாக்குவம் முனையாலோ எடுத்துவிடுங்கள். சாவியைப் போடாமல் விரலால் ஃபேனைச் சுற்றிப் பாருங்கள், தடங்கல் இல்லாமல் சுழல வேண்டும். கிழிந்த ஸ்பாஞ்ச், நறுக்கிய துணி, அரிசி மாதிரி கறுப்பு உருண்டைகள் இருந்தால் எலி வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். மரத்தடியிலும் காலி மனை பக்கத்திலும் காரை நிறுத்துபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். அப்படி இருந்தால் கையுறை போட்டுக்கொண்டு எடுங்கள், பெட்டியின் உள்சுவரை ஈரத் துணியால் துடைத்து நன்றாகக் காய விடுங்கள், எலி சிறுநீர் பட்ட ஃபில்டரை ஒரு நாள்கூட மறுபடி போடாதீர்கள்.

அம்புக்குறி

புதிய ஃபில்டரின் ஓரத்தில் ஓர் அம்பு இருக்கும், பக்கத்தில் ஆங்கிலத்தில் 'ஏர் ஃப்ளோ' என்று எழுதியிருக்கும். காற்று போகும் திசை அது. என் காரில் காற்று மேலிருந்து கீழே ஃபேனுக்குப் போகிறது, ஆகவே அம்பு தரையைப் பார்க்க வேண்டும். ஹூண்டாய் மேனுவல் சொல்வதும் அதுதான், மாறி வைத்தால் ஏசியின் வேகம் குறையலாம், சத்தமும் வரலாம் என்று எச்சரிக்கையும் போட்டிருக்கிறார்கள். ஹோண்டா ஜாஸ், சிட்டி மாதிரி கார்களிலும் அம்பு கீழ்நோக்கித்தான்.

மாருதி சுசுகி கார்களில் இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். அவர்களுடைய ஃபில்டரில் 'அப்' என்ற எழுத்தோடு அம்பு இருக்கும். அது காற்றின் திசை இல்லை, ஃபில்டரின் எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்பதற்கான குறி. ஆகவே அந்த அம்பு வானத்தைப் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு, எல்லாக் காருக்கும் அம்பு கீழேதான் என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் இல்லை மேலேதான் என்று சொல்ல, கேட்பவர் குழம்பிப் போகிறார். அம்பின் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள், குழப்பம் தீர்ந்துவிடும். எழுத்து எதுவும் இல்லாமல் வெறும் அம்பு மட்டும் இருந்தால் முன்பு எடுத்த போட்டோவை ஒத்துப் பாருங்கள், அப்புறம் மேனுவலையும் பாருங்கள், ஏனென்றால் போன தடவை வைத்தவரே தலைகீழாக வைத்திருக்கலாம்.

உள்ளே வைப்பதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. மார்க்கர் பேனாவால் ஃபில்டரின் முன் ஓரத்தில் இன்றைய தேதியையும் ஓடிய கிலோமீட்டரையும் எழுதுங்கள். மூடியைத் திறந்ததும் கண்ணில் படும் மாதிரி எழுத வேண்டும். அடுத்த தடவை ஞாபகம் வைத்துக்கொள்ள இது உதவும். வெளியே சர்வீஸுக்கு விட்டு அவர்கள் மாற்றினோம் என்று சொன்னாலும், உங்கள் கையெழுத்து அங்கேயே இருக்கிறதா இல்லையா என்று அரை நிமிஷத்தில் பார்த்துவிடலாம்.

இப்போது ஃபில்டரை நேராக, இரண்டு பக்கமும் சமமாகத் தள்ளுங்கள். கடைசி அரை அங்குலம் லேசாகப் பிடிக்கும், அது ஓரம் சுவரோடு உரசுவது, நல்ல அறிகுறிதான். ஆனால் பாதியிலேயே நின்றுவிட்டால் அழுத்தித் திணிக்காதீர்கள், ஏதோ ஓர் ஓரம் மடங்கியிருக்கிறது அல்லது ஃபில்டர் உங்கள் காருக்கானது இல்லை. வெளியே எடுத்து மறுபடி விடுங்கள். மடங்கிப் போன ஓரத்தின் வழியாகக் காற்று தூசியோடு நழுவி உள்ளே போகும், ஃபில்டர் போட்டும் போடாத மாதிரிதான். முழுதாக உள்ளே போனதும் நான்கு மூலையையும் விரலால் தடவிப் பாருங்கள், எங்கேயும் மேடு பள்ளம் இருக்கக் கூடாது.

மூடியை வைத்து 'க்ளிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். சத்தம் வராவிட்டால் உட்காரவில்லை. பிறகு கயிற்றுக் கொக்கியை முளையில் மாட்டி, பெட்டியைத் தூக்கிப் பிடித்து, ஸ்டாப்பர் இரண்டையும் துளையில் விட்டுத் திருகுங்கள். ஒரு தடவை திறந்து மூடிப் பாருங்கள், மெதுவாகத் திறந்தால் கயிறு சரியாக மாட்டியிருக்கிறது.

சாவியைப் போட்டு ஃபேனை ஒன்றிலிருந்து கடைசி எண் வரை ஒவ்வொன்றாக வைத்துக் கேளுங்கள். டிக் டிக் என்றோ கரகரவென்றோ சத்தம் வந்தால் ஃபேனில் ஏதோ மாட்டியிருக்கிறது, உடனே நிறுத்திவிட்டு மறுபடி திறந்து எடுத்துவிடுங்கள், ஓட ஓடத் தானாகப் போய்விடும் என்று விடாதீர்கள். உள்காற்று பட்டனை இரண்டு மூன்று தடவை மாற்றிப் பாருங்கள், கதவு திறந்து மூடும் சத்தம் மெல்லியதாகக் கேட்கும். முதல் ஓரிரு நாள் கார்பன் ஃபில்டரில் லேசான புது வாசனை வரும், பயப்பட வேண்டியதில்லை.

கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இல்லை என்றால்

சில கார்களில், குறிப்பாக ஐரோப்பிய வடிவமைப்பில் வந்தவற்றில், கிளவ் பாக்ஸைக் கழற்றவே வேண்டாம். பயணி கால் வைக்கும் இடத்தில் தலையை விட்டு மேலே பார்த்தால் மூடி தெரியும். சிலவற்றில் நடுக் கன்சோலின் பக்கச் சுவரில், டிரைவர் காலடிப் பக்கம்கூட இருக்கும். இன்னும் சில பழைய கார்களில் வைப்பர் தட்டுக்கு அடியில். இடம்தான் வேறு, அம்பு, ஓரம், க்ளிக் மூன்றும் ஒன்றே.

விலை குறைந்த சில மாடல்களில் கம்பெனியே ஃபில்டர் வைக்காமல் விட்டிருப்பார்கள். மூடியைத் திறந்தால் காலியாக இருக்கும், உங்களைத்தான் யாரோ ஏமாற்றிவிட்டதாக நினைக்க வேண்டாம். பெட்டியில் ஃபில்டர் நிற்பதற்கான விளிம்புகள் இருந்தால் அந்த மாடலின் உயர்ந்த வேரியன்ட்டுக்கான ஃபில்டர் அதில் உட்கார்ந்துவிடும், ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் மாடல் சொல்லிக் கேட்டால் தெரியும். மூடியே இல்லாமல் பிளாஸ்டிக்கோடு சேர்த்து வார்த்திருந்தால் அதை பிளேடால் அறுத்து வழி செய்பவர்களும் இருக்கிறார்கள். முதல் தடவை கை வைப்பவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன், அறுத்த துண்டு உள்ளே விழுந்தால் ஃபேன் வரை கழற்ற வேண்டி வரும், அதைத் தெரிந்த ஏசி மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

கழுவிப் போடலாமா என்று என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. பெட்டியின் மேல் கழுவலாம் என்று எழுதியிருந்தால் மட்டும் கழுவுங்கள், மற்றதைக் கழுவாதீர்கள். பல ஃபில்டர்களில் பொடித் தூசியை இழுத்துப் பிடிக்க நார்களில் மின்னேற்றம் கொடுத்திருப்பார்கள், தண்ணீரும் சோப்பும் பட்டால் அது போய்விடும், மடிப்பும் குலைந்துவிடும். கார்பன் வகையில் கரியின் துளைகளில் உறிஞ்சப்பட்டதை நாம் கழுவி எடுக்க முடியாது. பங்க்சர் கடையில் காற்று அடித்து வாங்கிக்கொள்வதும் இதே கதைதான், அந்த வேகத்தில் நார் விலகித் துளை பெரிதாகிவிடும், பார்க்க வெள்ளையாகத் தெரியும், வேலை செய்யாது. அவசரத்துக்கு, புதியது வாங்கும்வரை, தெருவில் தள்ளி நின்று லேசாகத் தட்டிச் சருகை உதிர்த்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

நாற்றம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏசி போட்டதும் ஈரத் துணியை மூட்டை கட்டி வைத்த மாதிரி வாடை வந்தால் ஃபில்டர் பாதிக் காரணம்தான். மீதி கூலிங் காயிலில் இருக்கிறது. குளிர்ந்த காயிலில் தண்ணீர் கோர்க்கும், ஃபில்டரைத் தாண்டி வந்த தூசி அந்த ஈரத்தில் ஒட்டும், இருட்டு, ஈரம், தூசி மூன்றும் சேர்ந்தால் பூஞ்சை பிடிக்காமல் என்ன செய்யும். வீடு வருவதற்கு மூன்று நான்கு நிமிஷம் முன்னால் ஏசி பட்டனை மட்டும் அணைத்துவிட்டு ஃபேனை ஓடவிடுங்கள், காயில் ஓரளவு காய்ந்துவிடும். இந்தப் பழக்கம் வந்த பிறகு எங்கள் காரில் அந்த வாடை வரவே இல்லை. ஏற்கெனவே பூஞ்சை பிடித்துவிட்டது என்றால் காயிலைச் சுத்தம் செய்யத்தான் வேண்டும், அது நம் கை வேலை இல்லை. ஃபில்டர் மேல் சென்ட் அடிப்பது, கற்பூரம் கட்டி வைப்பது எதுவும் வேண்டாம், அந்த நெடியும் நேராக நுரையீரலுக்குத்தான் போகும்.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்றால், பொதுவாக 15,000 கி.மீ. அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அது. உங்கள் காருக்கான கணக்கு மேனுவலில் இருக்கும். மண் ரோட்டில் ஓட்டுபவர்கள், மெட்ரோ வேலையோ கட்டட வேலையோ நடக்கும் பக்கத்தில் இருப்பவர்கள், வேப்ப மரத்தடியில் நிறுத்துபவர்கள் ஆறு மாதத்தில் ஒரு தடவை திறந்தாவது பார்க்க வேண்டும். நம் ஊருக்கு நான் கண்ட நல்ல நேரம் புரட்டாசி. ஆடிக் காற்றின் புழுதி முழுவதும் பழைய ஃபில்டரோடு போய்விடும், ஐப்பசி மழை ஆரம்பிக்கும்போது கண்ணாடி ஆவியை விரட்டப் புதிய ஃபில்டர் தயாராக இருக்கும். அப்புறம் போகி முடிந்த வாரம் ஒரு தடவை மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பேன், கறுத்திருந்தால் கோடைக்கு முன்னால் இன்னொன்று.

இடையில் வாரம் ஒரு தடவை கார் துடைக்கும்போது வைப்பர் தட்டின் மேல் கிடக்கும் இலையையும் பூவையும் கையால் அள்ளிப் போட்டுவிடுங்கள், தண்ணீர் பீய்ச்சி உள்ளே தள்ளாதீர்கள். போன மாதம் இந்த வேலை முழுவதையும் என் மகளே செய்தாள். டார்ச் பிடித்தது மட்டும் நான். தேதி எழுதியது அவள் கையெழுத்தில், கிலோமீட்டரை மீட்டரில் பார்த்து இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் எழுதினாள்.